விஜயந்தாவுக்கு ஆள் தேவை

ஓர் ஆளை 35ஆல் வகுத்தால் 5 சென்டிமீட்டர் வரும். அதில் தலைக்கு 6 அல்லது 7 மில்லிமீட்டர். அந்தத் தலையில் கண் வைக்கிற நேரத்தில் மூச்சு விடக் கூடாது, மனைவி கூப்பிடக் கூடாது, பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடக் கூடாது. திருத்தணிப் பக்கம் எங்கள் கே.ஜி.கண்டிகையில் தறி நிற்பது கரண்ட் போனால்தான். கரண்ட் போனால் விளக்கும் போய்விடும். கூட்டுறவு நெசவாளர் சங்கத்தில் கணக்கெழுதி ரிடையர் ஆன நான், மொட்டைமாடிக் கொட்டகையில் உட்கார்ந்து இரண்டாம் உலகப்போர் டாங்கிக்காரர்களுக்குச் சட்டைப் பொத்தான் தீட்டிக்கொண்டிருக்கிறேன். தெருவில் யாரும் கேலி செய்வதில்லை. வயசானால் சர்க்கரையோ மூட்டுவலியோ ஏதாவது ஒன்று வந்துதானே தீரும், இவனுக்கு இது வந்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

என் சின்ன வயசில் எங்கள் டாங்கிகளுக்கு ஆளே கிடையாது. டெய்லர் கடையில் வீசியெறியும் மர நூல்கண்டுதான் டாங்கி. இரண்டு விளிம்பிலும் கத்தியால் பல் வெட்டுவோம். நடுத்துளையில் ரப்பர் பேண்டை நுழைத்து, ஒரு பக்கம் ஒடித்த தீக்குச்சியால் தடுப்போம். மறுபக்கம் மெழுகுவர்த்தியில் அறுத்த வட்டத்தைக் கோத்து, அதற்கு வெளியே ஒரு நீளக் குச்சியைச் செருகி முறுக்கிவிட்டால் போதும். ரப்பர் அவிழ அவிழ அது தானே ஊர்ந்து போகும். மெழுகு இருப்பதால் சட்டென்று அவிழ்ந்து தெறிக்காது. யோசித்து யோசித்துத்தான் நகரும். மணல்மேட்டை ஏறும், தாத்தா கழற்றிப்போட்ட செருப்பையும் ஏறும். இதை ஓட்டுகிறவன் எங்கே என்று எவனும் கேட்டதில்லை. இப்போது ஒரு டாங்கியைச் செய்து முடித்த பிறகு, அதன் மேல்மூடியில் நிற்கிறவன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வாரம் யோசிக்கிறேன்.

நிஜ டாங்கியை நாங்கள் பார்த்தது டூரிங் கொட்டகையில், படத்துக்கு முன்னால் ஓடும் நியூஸ்ரீலில். 1971 சண்டை முடிந்த கையோடு வந்த ரீல்களில் டாங்கி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். மேலே தொப்பியும் காதில் ஹெட்போனும் வைத்த ஒருவர் கையாட்டுவார். தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். பிறகு படம் ஆரம்பித்ததும் அவரை மறந்துவிடுவோம்.

போர் என்ற சங்கதியே எங்கள் பக்கத்து மண்ணுக்கு அவ்வளவாக ஒட்டாது. ஐப்பசி சஷ்டியில் திருச்செந்தூரில் கடற்கரை கொள்ளாத கூட்டத்துக்கு நடுவே சூரனுக்கு யானைத் தலை, சிங்கத் தலை, சொந்தத் தலை என்று மாற்றி மாற்றி வைத்து வதம் நடக்கும். திருத்தணியில் சூரசம்ஹாரமே கிடையாது. சண்டையெல்லாம் முடித்து முருகன் கோபம் ஆறி உட்கார்ந்த மலை என்பதால் அன்றைக்கு இங்கே புஷ்பாஞ்சலிதான். என் தாத்தாவோ, “நாமெல்லாம் வீரபாகு வகையறாடா, முருகனோட சேனை” என்று தறியில் உட்கார்ந்தபடியே மார்தட்டுவார். சேனை இங்கே குடியிருக்க, சண்டை மட்டும் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி நடந்தது. எங்கள் வீரத்துக்கு அந்த இடைவெளி ரொம்ப வசதியாக இருந்தது.

ஆனால் ஒரு பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டோம். 1965இல் பாகிஸ்தானோடு டாங்கிச் சண்டை நடந்தபோது முப்படைகளுக்கும் தலைமைத் தளபதி எங்கள் ஊர்க்காரர். ஜனாதிபதி என்ற முறையில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1888இல் திருத்தணியில் பிறந்தவர். அவர் ஊர் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்துசேர்ந்து அப்போது ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. 1960 ஏப்ரலுக்கு முன்னால் என்றால் ஆந்திராக்காரர்கள் கொண்டாடியிருப்பார்கள், இப்போதும் கொண்டாடுகிறார்கள். உபநிஷதத்துக்கு உரை எழுதியவர் முப்படைத் தலைவர் என்பதில் தாத்தாவுக்கு ஒரு முரணும் தெரியவில்லை. “கீதையே போர்க்களத்துலதானே சொன்னது” என்பார். கேம்கரன் பக்கம் அசல் உத்தரில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியைக் கொண்டு பாட்டன் டாங்கிகளை உடைத்து மாண்ட அப்துல் ஹமீதின் மனைவி ரசூலன் பீபியிடம் 1966 குடியரசு தினத்தில் பரம்வீர் சக்கரத்தைக் கொடுத்தவரும் அந்தத் தத்துவப் பேராசிரியர்தான்.

டாங்கிக்கும் எங்கள் வீட்டுக்கும் ரத்த சம்பந்தம் சித்தப்பா வழியாக வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு 1961இல் ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய டாங்கியை ‘விஜயந்தா’ என்று பெயர் மாற்றி, 1965இல் ஆவடியிலிருந்து முதல் வண்டியை வெளியே ஓட்டிக்கொண்டு வந்த இடம் அது. சுமார் 39 டன், 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நாலு பேர். இந்த விவரமெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்தது, சித்தப்பா விடியாக்காலம் பஸ் பிடித்துத் திருத்தணி போய், ரயிலேறி அரக்கோணம், திருவள்ளூர் தாண்டி ஆவடிக்குப் போவார், ராத்திரி கிரீஸ் வாசனையோடு திரும்புவார் என்பது மட்டும்தான். “அங்க இன்னா செய்றீங்க சித்தப்பா?” என்று கேட்டால், “வெயிட்டான வேலைடா” என்பார். அதற்குமேல் சித்தி கேட்டாலும் பதில் வராது. அரசு ரகசியச் சட்டம் 1923இல் வெள்ளைக்காரன் போட்டது. அதை எங்கள் குடும்பத்தில் சாப்பாட்டு இலைக்கு முன்னாலும் அனுசரித்த ஒரே மனிதர் அவர்தான்.

ரகசியமோ தண்டவாளத்தின்மேல் பட்டப்பகலில் போய்க்கொண்டிருந்தது. தட்டை வேகன்களில் தார்ப்பாய் போர்த்திய மேடுகள். தார்ப்பாயிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய். அரக்கோணம் பிளாட்பாரத்தில் வேர்க்கடலை விற்கிற பையன்கூட “ஆவடி டேங்க் போவுது” என்று கத்துவான். கூட்டமே எட்டிப் பார்க்கும். சித்தப்பா மட்டும் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிட்டத்தட்ட அதே வருஷங்களில், 1966இல், ஜப்பானிலிருந்து ஷுன்சாகு தமியா என்பவர் அமெரிக்காவுக்குப் போய் ஆபர்டீன் ராணுவ அருங்காட்சியகத்தில் நிறுத்திவைத்திருந்த டாங்கிகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். யாரும் தடுக்கவில்லை. ஷிசுவோகா நகரில் மரக்கடை வைத்திருந்த அப்பாவின் கம்பெனியை பிளாஸ்டிக் மாடல் கம்பெனியாக்கிய மகன் அவர். 1961 கடைசியில் அவர்கள் பான்தர் என்ற ஜெர்மன் டாங்கியை பிளாஸ்டிக்கில் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க வேண்டும் என்று உடம்பின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட 35இல் ஒரு பங்கு. உலகம் முழுக்க இன்றைக்கு மாடல்காரர்கள் மில்லிமீட்டருக்காகச் சண்டை போட்டுக்கொள்கிற புனிதமான 1/35 பேட்டரிக்காக வந்த அளவு. எனக்கு இதில் ஒரு அற்பத் திருப்தி உண்டு. 1968இல் போர் பொம்மைகளுக்கென்று தனி வரிசை தொடங்கியபோது அந்தக் கம்பெனி முதல் எண் கொடுத்தது டாங்கிக்கு அல்ல, ஜெர்மன் டாங்கி ஆட்களுக்கு. அந்தத் தமியா 2025 ஜூலையில் 90 வயதில் காலமானார். செய்தியை நான் வீட்டில் சொன்னபோது, “உங்களுக்குச் சொந்தமா?” என்று கேட்டார்கள்.

அளவு என்ற பேச்சே எங்கள் கொலுவில் அப்போது இருந்ததில்லை. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய மளிகைக்கடைச் செட்டியார் யானையைவிடப் பெரியவர். செம்மரத்து மரப்பாச்சி ராஜா, ராணி தசாவதாரத்தில் பாதிப் பேரைவிட உயரம். 1972 நவராத்திரியில், வங்காளதேசம் பிறந்த சந்தோஷத்தில், அப்பா கொலுப்படிக்குக் கீழே பார்க்கை எடுத்துவிட்டுப் போர்க்களம் வைத்தார். ஆற்றுமணல், முளைவிட்ட கேழ்வரகில் காடு, முகம் பார்க்கும் கண்ணாடியில் நதி. மண்ணால் செய்த சிப்பாய் பொம்மைகள், அவற்றுக்கு நடுவே பச்சை பெயிண்ட் அடித்த என் நூல்கண்டு டாங்கி. சிப்பாய்க்கு டாங்கி முழங்கால் உயரம்தான் வந்தது. வந்த பெண்களில் ஒருத்திக்கும் அது தப்பாகப்படவில்லை. ஒரு பாட்டி மட்டும், “சண்டை எப்ப முடியும்? கேழ்வரகு வாடுது பார்” என்றாள்.

இப்போதைய வரலாறு மகனிடமிருந்து தொடங்குகிறது. அவன் ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவன் எனக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று டாங்கிப் பெட்டி ஒன்றும் டாங்கி ஆட்கள் பெட்டி ஒன்றும் கொண்டுவந்தான். ஜெர்மானியச் சிப்பாய்களை ஜப்பான்காரன் செய்து, ஜெர்மனியில் விற்று, திருத்தணித் தாலுகாவுக்கு வந்துசேர்ந்திருக்கிறார்கள். பெட்டிப் படத்தில் நாஜிச் சின்னம் இல்லை. அங்கே சட்டம் அதை அனுமதிக்காது. பேரன் எங்கள் வீட்டுப் புதுக்கணக்கு நோட்டின் முதல் பக்கத்து ஸ்வஸ்திகாவைக் காட்டி, “இது இருக்கலாமா?” என்று கேட்டான். சித்தப்பா பாணியில், “அது வேறடா” என்றேன்.

உள்ளே ஆட்கள் ஆட்களாக இல்லை. கை தனி, கால் தனி, உடம்பு முன்பாதி தனி, தலை தனி, எல்லாம் ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி, அரம் தேய்த்து, ஒட்டி, பிரைமர் அடித்து, மேலே நிறம் தீட்டி, மடிப்புகளில் இருட்டு இறங்க மெல்லிய வாஷ் விட்டு, மேடுகளில் வெளிச்சம் ஏற்ற வேண்டும். எங்கள் குலத்தொழிலில் அறுந்த இழையைக் கண்ணுக்குத் தெரியாமல் பிணைக்கிற விரல் எனக்கு வந்திருந்தது. முப்பது வருஷம் லெட்ஜரில் வீணடித்துவிட்டு இப்போதுதான் அதற்கு வேலை கொடுத்திருக்கிறேன். பெட்டித் தலைகளின் முகபாவம் பிடிக்கவில்லை என்றால் ரெசினில் வார்த்த தலைகள் மட்டும் தனியாக விற்கிறார்கள்: கத்துகிற தலை, களைத்த தலை, சிகரெட் வைத்த தலை. இந்த வியாபாரத்தைக் கேட்டு மனைவி ஆச்சரியப்படவே இல்லை. “சூரனுக்கு மாத்தலையா?” என்றாள்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் ஒரு தலையின் விலை எங்கள் ஊரில் ஒரு முழுக் கோழி விலையைத் தாண்டும். சுங்கச் சட்டத்தின் கண்ணில் இதுவும் கிலுகிலுப்பையும் ஒரே இனம், பொம்மை. அந்த வரி 20 சதவீதமாக இருந்து 2020இல் 60 ஆகி, 2023இல் 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழில் வளர வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். நான் சிரமப்பட்டுத் தேசபக்தனாக இருக்கிறேன்.

ஆட்களில் எனக்கு மிகவும் பிடித்த வகை அரை ஆள். டாங்கியின் மேல்மூடியில் நிற்கிறவனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் வெளியே தெரியப்போவதில்லை என்பதால், இடுப்போடு நிறுத்தி வார்த்து விற்பார்கள். முதன்முதலில் அப்படி ஒருவனை மூடியில் இறக்கி நிறுத்தியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழித்தறியில் கால்களைப் பள்ளத்துக்குள் விட்டு, இடுப்புக்கு மேலே மட்டும் தரைக்கு வெளியே தெரிய, ஊரையே அதட்டிக்கொண்டிருந்த தாத்தாதான் அது. சின்ன வயசில் அவருக்குக் கால் உண்டு என்பதே சாப்பாட்டு நேரத்தில்தான் ஞாபகம் வரும்.

அரை ஆளுக்காவது இடம் உண்டு. டாங்கிக்குள் உண்மையில் முதுகு ஒடிகிறவன் லோடர், குண்டு மாட்டுகிறவன். மகன் கொண்டுவந்த ஜெர்மன் டாங்கியில் ஐந்து பேர்: கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர், ரேடியோக்காரர். கமாண்டருக்கு நூறு விதப் பொம்மை கிடைக்கும். பைனாகுலரோடு, வரைபடத்தோடு, கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டு. லோடர் எப்போதாவது தன் மூடியில் தலை நீட்டினால்தான் உண்டு. விஜயந்தாவில் நாலு பேர், அதில் ஒருவர் லோடர். 1980களின் கடைசியில் ஆவடியில் டி-72 செய்ய ஆரம்பித்தபோது குண்டு மாட்டுவதற்கு இயந்திரம் வந்தது. மூன்று பேர் போதும். எங்கள் தெருவில் குழிகளைத் தூர்த்து விசைத்தறி வைத்ததும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். பிறகு வந்த அர்ஜுனில் மறுபடி நாலு பேர், லோடருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. குழித்தறிக்கு அப்படி ஒரு அர்ஜுன் வரவில்லை.

நிறங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் டாங்கிக்காரனுக்கு 1934 முதல் கறுப்பு உடுப்பு. கிரீஸ் கறை தெரியாது. அதே காரணத்துக்காக அதற்குப் பத்து வருஷம் முன்பே பிரிட்டிஷ் டாங்கிப் படை கறுப்புத் தொப்பியை எடுத்துக்கொண்டது, அவர்கள் வழியாக நம் கவசப் படைக்கும் கறுப்புத் தொப்பியும் கறுப்பு மேலங்கியும் வந்தன. உலகத்தில் யார் யாரைச் சுட்டாலும் கிரீஸ் ஒன்றுதான். ஜெர்மன் காலரில் ரோஜா நிறக் கரை, அதற்கு நடுவே மண்டை ஓடு. அது எஸ்.எஸ். சின்னம் அல்ல, பழைய குதிரைப் படையிலிருந்து டாங்கிப் படைக்கு வந்தது என்று மாடல்காரர்கள் மணிக்கணக்கில் விளக்குவார்கள். நான் போன நவராத்திரியில் மனைவிக்கு விளக்க வேண்டிவந்தது.

டாங்கியைக் கொலுவில் வைக்கலாம் என்றது பேரன்தான். பழைய போர்க்களக் கதையை அவனுக்குச் சொல்லியிருந்தேன். ஐந்து பேரும் டாங்கியைச் சுற்றி நிற்க, அடியில் மணல், பின்னால் இடிந்த சுவர் ஒன்று. சுவரை இடிந்த மாதிரி கட்டுவதற்கு நேராகக் கட்டுவதைவிட அதிக நாள் பிடித்தது. 1970களில் அமெரிக்காவில் ஷெப் பெய்ன் என்ற கலைஞர் மாடல் பெட்டிகளில் வைக்கிற துண்டுத்தாள்கள் மூலமாக, போர்க்காட்சி ஒன்றை ஒரு கதை மாதிரி அமைக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்தினார். யார் எங்கே பார்க்கிறான், கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்றெல்லாம். நம் வீட்டுப் பெண்கள் ஒற்றைப்படைப் படிக்கட்டும் பார்க்கும் வைத்து இந்த வேலையைத் துண்டுத்தாள் இல்லாமலே செய்துவந்திருக்கிறார்கள் என்பதை அவருக்கு யாராவது எழுதியிருக்கலாம்.

மனைவி பூதக்கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தாள். “இன்னாங்க இது காலர்ல? மண்டை ஓடா? சாமி வெச்ச இடத்துலயா?”

“மேல்படியில காளி கழுத்துல மாலையே போட்டுகினு கீறாங்களே.”

“அவங்க சாமி. இவனுங்க யாரு?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொருவன் சட்டையிலும் எத்தனை பொத்தான் என்று தெரியும், யார் என்று கேட்டால்? அதற்குள் அடுத்த வீட்டுக்காரர்கள் தாம்பூலம் வாங்க வந்துவிட்டார்கள். டாங்கிக்கு முன்னால் ஒரு சின்னப் பித்தளைக் குத்துவிளக்கு வைக்கப்பட்டு மண்டை ஓடுகள் மறைக்கப்பட்டன.

அன்றைக்கு வந்தவர்களில் எங்கள் தெரு மிலிட்டரி மாமாவும் ஒருவர். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை என்றால் வீட்டுக்கு ஒரு பட்டாளத்தார் என்று ராணுவப்பேட்டை ஆகிவிட்டது. எங்கள் ஊருக்கு அந்தப் பேர் இல்லை, ஆனாலும் தெருவுக்கு ஒருவர் தேறுவார். மாமா 1971க்குப் பிறகு கவசப் படையில் சேர்ந்து, விஜயந்தாவில் லோடராக ஏறி, பிறகு டி-72 வந்தபோது டிரைவர் பயிற்சிக்குப் போய், டஃபேதாராக ரிடையர் ஆனவர். இத்தனை வருஷமாக நாங்கள் அவரிடம் கேட்டதெல்லாம் கேன்டீனில் குக்கர் என்ன விலை என்பதுதான். வேறு சில சரக்குகளின் விலையும்.

அவர் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, வேலை சுத்தமா கீது. ஆனா எல்லாம் போட்டோவுக்கு நின்னுகினு கீறானுங்களே. ஒருத்தனாவது டிராக்கைப் பார்க்கறானா? ஒரு மணி நேரம் ஓட்டினா நாலு மணி நேரம் துடைக்கணும் தம்பி. பேரலுக்கு நீளக் கம்புல பிரஷ் மாட்டி, நாலு பேரும் சேர்ந்து இடிச்சு இடிச்சு இழுக்கணும். அதை வெச்சாத்தான் டேங்க்.”

“உள்ள எப்படி இருக்கும் மாமா?”

“ராஜஸ்தான் வெயில்ல உள்ள இன்னா தெரியும்? குண்டு ஒண்ணு இருபது கிலோ கிட்ட. தூக்கு, தள்ளு, கையை எடு. வெளிய இன்னா நடக்குதுன்னு கன்னர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.” அதைச் சொல்லிவிட்டுக் கமாண்டர் பொம்மையை மட்டும் சுட்டினார். “இவரு மட்டும் எப்பவும் இப்படித்தான் நிப்பாரு. அது கரெக்ட்.”

அடுத்த வருஷம் நம் ஆட்களையே வைப்போம் என்று முடிவானது அப்போதுதான். ஆற்காடு எங்களுக்குப் பக்கம். ஆற்காட்டு நவாபின் குதிரைப்படையில் வேர்விட்டு, 1776 என்று பிறந்த வருஷம் குறித்த 16 லைட் காவல்ரி ரெஜிமென்ட் இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்குக் கவச வண்டிகளோடு போனது. அங்கே அதை நடத்திய ஜே.என்.சௌத்ரிதான் 1965இல் இந்தியத் தரைப்படைத் தளபதி. அதே போரில் அதே ரெஜிமென்ட் செஞ்சூரியன் டாங்கிகளோடு சியால்கோட் முனையில் நின்றது. பர்மாவும் இரண்டாம் உலகப்போர்தான், ஆற்காட்டுப் படையும் படைதான். என் அலமாரியில் பெர்லின் வரை இடம் இருந்தது, ஆற்காட்டுக்கு இல்லை.

மாமா ஏறிய விஜயந்தாவையே செய்ய, அதன் மேல்மூடி விட்டம் என்ன என்று கேட்கச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். எண்பது தாண்டிவிட்டார். ஆவடித் தொழிற்சாலை 2021இல் புதுக் கம்பெனியின் கீழ் போய்விட்டது. அதே வருஷம் பிப்ரவரியில் பிரதமர் சென்னைக்கு வந்து அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியைத் தரைப்படைத் தளபதியிடம் ஒப்படைத்ததை டி.வி. நேரடியாகக் காட்டியது. ஓய்வு பெற்ற விஜயந்தாக்கள் பல ஊர்களில் நாற்சந்தியில் பூந்தொட்டிகளுக்கு நடுவே நிற்கின்றன. குழந்தைகள் பீரங்கியில் தொங்குகிறார்கள். அகமத்நகரில் 1994 முதல் டாங்கிகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. சித்தப்பாவே தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப்பில் டாங்கி வீடியோ அனுப்புகிறவர்தான். நான் கேட்டதும் போனைக் கீழே வைத்தார்.

“அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுடா.”

வேறு வழியில் அளவு கிடைத்தது. ஆட்களைப் புதிதாகச் செய்யத் தேவைப்படவில்லை; கறுப்பு உடுப்பு ஏற்கெனவே இருந்தது. ஜெர்மன் சட்டையின் காலரை அரத்தால் தேய்த்தால் மண்டை ஓடு நாலு தேய்ப்பில் போய்விடுகிறது. எம்-சீல் பிசைந்து தொப்பியைப் பக்கவாட்டில் சரித்தேன். தண்ணீர்க் குழாய் ஒழுகலை அடைக்கிற அதே எம்-சீல், நகத்தில் அள்ளுகிற அளவு. தோல் நிறத்துக்கு என்று கம்பெனி விற்கிற புட்டி ‘ஃப்ளாட் ஃபிளெஷ்’, இளஞ்சிவப்பு. அதில் ‘ரெட் பிரவுன்’ இறக்கி, கொஞ்சம் மஞ்சள் சேர்த்து, என் முழங்கையோடு வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறக்கினேன். நாலு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பீரங்கிக் குழாய்க்குள் நீளக் கம்பை இழுக்கிறார்கள். முதுகில் வார்னிஷ் ஒரு பூச்சு, வியர்வை. லோடர் முன்னால். கமாண்டரையும் கீழே இறக்கிக் கம்பைப் பிடிக்க வைத்ததில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. மாமா அதுதான் சரி என்றார், ஆனால் கடைசி ஆளாக நிற்கட்டும் என்றார்.

அவர் தன் போனில் படம் எடுத்துப் பழைய ரெஜிமென்ட் குரூப்பில் போட்டார். அரைமணியில் பதில்கள் கொட்டின. பெங்களூரிலிருந்து ஒருவர், பிரஷ் கொஞ்சம் பெரிசு. ஓங்கோலிலிருந்து ஒருவர், லோடருக்கு மீசை வேண்டும். மதுரைக்காரர் ஒருவர், மீசை டிரைவருக்குத்தான், லோடருக்கு அந்த வருஷம் சி.ஓ. மீசையை எடுக்கச் சொல்லிவிட்டார். அது எந்த வருஷம் என்பதில் சண்டை தொடங்கி ராத்திரி வரை ஓடியது. மறுநாள் மாமா வந்து உட்கார்ந்தார். ரெஜிமென்ட் ஆட்கள் குடும்பத்தோடு கூடுகிற விழா வருகிறதாம், நினைவுப் பரிசாகக் கொடுக்கப் பத்து செட் வேண்டுமாம், தலை மட்டும் ஆளுக்கொரு மாதிரி. போட்டோ அனுப்புவார்கள்.

“பத்து செட்டா? நாப்பது ஆளு மாமா!”

“நாப்பதுதானே. ஒரு ஸ்குவாட்ரன்கூட ஆகாது.”

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி உள்ளே வந்தாள். நெசவுக்காரி மகள். பாவு வாங்குவதற்கு முன்னால் கூலி பேசிவிடுகிற வம்சம். ஒரு பொம்மையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், வெயிலுக்கு நேரே பிடித்தாள், முதுகு வியர்வையைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஆளுக்கு இன்னா கூலிண்ணே?” என்று மாமாவைக் கேட்டாள். “மீசைக்குத் தனி.”